பதினைந்து ஆம்பியர் ப்ளக்

பகல் ஒரு மணி ஆனால் பிரவீணா சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் ஆட்டோவின் சின்னத் திரையைத்தான் பார்ப்பாள். காலை ஆறரைக்குக் குரும்பலூர் வீட்டிலிருந்து நூறு சதவீதச் சார்ஜ் காட்டிக்கொண்டு கிளம்பிய வண்டி, பெரம்பலூருக்குள் நாலு சுற்றுச் சுற்றி, அந்த நேரத்துக்கு இருபத்தைந்தில் வந்து நிற்கும். மூன்றரைக்கு ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். நாலிலிருந்து எட்டு வரை ஆஸ்பத்திரிக் கூட்டம், பஸ் ஸ்டாண்டுக் கூட்டம். ஆட்டோ ஓட்டுகிறவளுக்குச் சோறு போடுவது அந்தச் சாயங்காலம்தான். அதைப் பிடிக்க வேண்டுமானால் மத்தியானத்தில் ஒன்றரை மணி நேரம் எங்காவது கரண்டில் சொருகியாக வேண்டும். வீட்டுக்கே போய் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றால் போகப் பத்து கிலோமீட்டர், வரப் பத்து. ஏற்றியதில் பாதி ரோட்டிலேயே தீர்ந்துவிடும், பள்ளிக்கூட மணியும் அடித்துவிடும்.

இந்தத் தொல்லை அவளுக்கு மட்டுமில்லை. பாலக்கரை ஸ்டாண்டில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு பச்சை ஆட்டோ. எல்லாம் மகளிர் குழு வழியாக வந்த மின்சார வண்டிகள். கொடுத்த அன்றைக்கு மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். வீட்டில் ஏ.சி.க்குப் போடுவார்களே, அந்தப் பதினைந்து ஆம்பியர் ப்ளக் ஒன்று இருந்தால் போதும், சொருகினால் ஏறிக்கொள்ளும் என்றார்கள். டவுனுக்குள் அந்த ப்ளக்குக்கு எங்கே போவது என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

முதலில் டீக்கடையில் கேட்டார்கள். நாலு நாள் விட்டார். ஐந்தாம் நாள் ஃபியூஸ் போய் ஃபிரிட்ஜ் நின்று பால் திரிந்தது. அப்புறம் ஒரு பஞ்சர் கடை, அப்புறம் ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்து வாட்ச்மேன் தினம் ஒரு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு சொருக விட்டார், முதலாளிக்குத் தெரிந்ததும், "எவளுவடி என் கரண்ட உறியிறது?" என்று அவர் போட்ட சத்தத்தில் தனம் வயரைக்கூடச் சுருட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

தனம்தான் ஸ்டாண்டிலேயே மூத்தவள். ஐம்பதைத் தாண்டியவள். சின்ன வெங்காய மண்டியில் இருபது வருஷம் வெங்காயம் ஆய்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் போச்சு, இனி உட்கார்ந்தால் ஆட்டோவில்தான் உட்காருவேன் என்று முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள். மூன்றாவது தடவைதான் லைசென்ஸ் கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு வாத்தியாரை ஏற்றிப்போவாள், நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவாள். அந்த மனுஷர் வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டார்.

பிரவீணா அப்படி இல்லை. முப்பத்தைந்து வயது, பிளஸ் டூவில் நல்ல மார்க், எழுத்து முத்து முத்தாக இருக்கும். பன்னிரண்டு பேருக்கும் ஃபாரம் எழுதிக் கொடுத்தது அவள், பேங்கில் பேசியது அவள், போக்குவரத்துப் போலீஸ் விசில் ஊதினால் முன்னால் போய் நிற்பதும் அவள். யாரும் அவளைத் தலைவி என்று தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்று அரியலூரில் நடந்தது. பிரவீணாவும் தனமும் பஸ்ஸில் போனார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, தென்றல் என்று அந்த ஊர் ஆட்டோக்காரப் பெண் ஒருத்தி, "வாங்கக்கா, எங்க ஸ்டாண்ட பாத்துட்டுப் போங்க" என்று கூட்டிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மோட்டார் ரூம். அதன் பின்சுவரில் வரிசையாக மூன்று ப்ளக் பாயிண்ட், மேலே மழைக்கு ஒரு தகரம், கீழே ஒரு பெஞ்சு. மூன்று ஆட்டோக்கள் வயரை நீட்டிக்கொண்டு நின்றன. சிமெண்ட் லாரிகள் போகிற ரோடு. தகரத்தின் மேல் ஒரு விரற்கடைத் தூசி.

"இத எப்புடி வாங்குனீங்க?" என்று கேட்டாள் தனம். கண் ப்ளக்கை விட்டு நகரவில்லை.

"என்னக்கா பெரிய விஷயம். அரைத் தாள்ல, எங்களுக்கு மூணு ப்ளக் பாயிண்ட் வேணும்னு எழுதிக் குடுத்தோம். ஒரு சார் வந்து பாத்தாரு, மோட்டார் ரூம்லேர்ந்து இழுத்துவுட்டாரு. மீட்டர் தனி. பதினஞ்சு நாள்ல வந்துட்டு."

தனம் அந்த ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிரவீணாவோ தகரத்தைப் பார்த்தாள், தூசியைப் பார்த்தாள், "மோட்டார் ரூம் பின்னாடியா குடுத்தாங்க?" என்று கேட்டாள். கேட்ட விதம் தென்றலுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே, "உங்கள்து பெரிய ஊருக்கா. உங்களுக்கு முன்வாசல்லயே குடுப்பாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் உள்ள கணக்கு வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்த ஊர்கள். பாகம் பிரித்த பங்காளிகள்கூட இத்தனை தடவை பிரிந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு ஆபீஸ் வந்தால் இங்கே இரண்டு மாடியாக வர வேண்டும். இங்கே ஒரு பாலம் வந்தால் அங்கே அதைவிட நீளமாக வேண்டும். வந்தபிறகு அந்தப் பாலத்தில் யார் போகிறார்கள் என்று எந்த ஊரும் பார்த்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பிரவீணா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூர் வந்து இறங்கும்போதுதான், "இவளுவளுக்கே மூணு ப்ளக்குன்னா நமக்கு எவ்ளோ கேக்கலாம்" என்றாள்.

மறுநாள் ஸ்டாண்டில் பேச்சு நடந்தது.

"ஒரு பிளக்கு பாயிண்டு. ரெண்டு இருந்தா ரொம்ப நல்லது. ஆளு மாத்தி ஆளு போட்டுக்கலாம்" என்றாள் தனம்.

"ஏன்க்கா, மாவட்டத் தலைநகரத்துல இருந்துக்கிட்டு பிளக்கு பாயிண்டா கேப்பாங்க? சிரிக்க மாட்டாங்க? இப்பல்லாம் ஃபாஸ்ட் சார்ஜர்னு வருது. அரை மணி நேரத்துல ஏறிடும். சென்னையில, கோயம்புத்தூர்ல எல்லாம் வச்சுட்டாங்க. கேக்குறதுதான் கேக்குறோம், அதக் கேப்போம்."

"நமக்கு எதுக்குடி அரை மணி நேரம்? சோறு திங்கவே முக்காமணி நேரம் ஆவுது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரவீணாவுக்குச் சுருக்கென்றது. "வெங்காயம் ஆயிற வேலை இல்லக்கா இது" என்று சொல்லிவிட்டாள். சிரிப்பு நின்றது. தனம் முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு, "செரி. படிச்ச பொண்ணு, நீயே எழுது" என்று வண்டியில் போய் உட்கார்ந்தாள்.

மனுக் கொடுக்கிற நாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் கோயில் நடை திறக்கிற நாளும் திங்கட்கிழமை. வாரத்திலேயே நல்ல சவாரி ஓடுகிற நாள். அந்தச் சவாரியை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரும் காலையிலேயே மனுக் கூடத்துக்குப் போனார்கள். வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்தார் மனு எழுதும் பிச்சைமுத்து. முப்பது வருஷமாக ஊர்க் குறைகளையெல்லாம் எழுதி எழுதி, எந்தக் குறை எந்த மேஜையில் போய்த் தூங்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

பிரவீணா தானே எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார். "எழுத்து நல்லாருக்கு. விஷயந்தான் பத்தாது. ஆட்டோவுக்குன்னு போடாத தாயி. ஆட்டோன்னு பாத்தாலே, சங்கத்துக்காரங்க தொல்லைன்னு ஓரமா வச்சுருவாங்க. மின் வாகனங்கள்னு போடு. பொதுப் பிரச்சனையா ஆயிரும். அதிவிரைவு மின்னேற்று நிலையம்னு போடு. எடம் எதுன்னு குறிப்பிட்டுச் சொல்லணும், இல்லேன்னா எடம் இல்லன்னு திருப்பிருவாங்க."

"எடமா? எங்க ஸ்டாண்டுலயே வச்சுத் தரச் சொல்லுங்க" என்றாள் பிரவீணா.

பின்னால் நின்ற தனம் மெல்ல, "கீழ ஒரு வரி, பிளக்கு பாயிண்டாவது போட்டுத் தரணும்னு சேத்துக்கலாமா?" என்று கேட்டாள். பிச்சைமுத்து பேனாவைத் தூக்கிக்கொண்டு பிரவீணாவைப் பார்த்தார்.

"வேண்டாம்க்கா. சின்னதையும் சேத்துக் கேட்டா சின்னதத்தான் குடுப்பாங்க" என்றாள் பிரவீணா.

பிரவீணா கேட்கத் தெரிந்தவள் என்றே அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது. தனம் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, மனு ஏற்கப்பட்டது என்று பிரவீணாவின் போனுக்குச் செய்தி வந்தது. அதை அவள் ஸ்டாண்டில் எத்தனை பேருக்குக் காட்டினாள் என்பதற்கு அளவே இல்லை. டீக்கடைக்காரருக்குக் காட்டினாள், விசில் ஊதும் போலீஸுக்குக் காட்டினாள். காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே கார்களை நிறுத்திச் சார்ஜ் ஏற்ற ஒரு கம்பெனி இந்தப் பக்கத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தது. பொதுமக்களே, அதுவும் பெண்களே, இந்த இடத்தில் வையுங்கள் என்று இடத்தையும் காட்டிக் கேட்கிற மனு கையில் வந்து விழுந்தால் யாருக்குக் கசக்கும்? நிழலும் அகலமும் ரோட்டு முகமுமாக இருந்த அந்த இடத்துக்குக் கம்பெனிக்காரன் நாயாய் அலைந்திருந்தாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கம்பெனியிலிருந்து அசோக் என்று ஒரு இன்ஜினியர் வந்தான். டக் இன் செய்த சட்டை, கழுத்தில் அட்டை. வந்ததும், "பிரவீணா மேடம் யாருங்க?" என்று கேட்டான். அவளை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவன் டேப் பிடித்து அளந்தபோது மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். "மூணு மாசம் வேலை நடக்கும் மேடம். அதுவரைக்கும் ஸ்டாண்ட கொஞ்சம் தள்ளி மாத்திக்கிட்டா வசதி" என்றான். அவளே எல்லா வண்டிகளையும் எடுக்கச் சொன்னாள். "எங்க போயி நிக்கிறது?" என்று தனம் கேட்டதற்கு, "மூணு மாசந்தானேக்கா. பொறுத்துக்க முடியாதா?" என்றாள்.

அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று டீசல் ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கினார்கள். மூன்று பேர் துறைமங்கலம் பக்கம் போனார்கள். மத்தியானச் சார்ஜுக்கு ஆளுக்கொரு வாசலில் கெஞ்சினார்கள். கெஞ்சும்போதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாளுதாங்க, எங்களுக்குப் பெரிய சார்ஜரே வருது" என்று சொல்லிக்கொண்டார்கள். அதைச் சொல்வதில் ஒரு தெம்பு இருந்தது, பொய் சொல்ல வேண்டாம்.

டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது. தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு அறை வந்தது. அப்புறம் ஆளுயரத்துக்கு இரண்டு வெள்ளை இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் கைத்தடிமனில் ஒரு கறுப்புக் கேபிள். தென்றலுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள் பிரவீணா. "முன்வாசல்லயே குடுத்துட்டாங்க" என்று கீழே எழுதினாள்.

திறப்பு விழா அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று, பலூன். மேளம் வைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டியாயிற்று, கைதட்டியாயிற்று. "முதல் சார்ஜ் நம்ம மகளிர் ஆட்டோவுக்குத்தான்!" என்று மைக்கில் சொன்னார்கள். பிரவீணா வண்டியை இயந்திரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அசோக் கேபிளின் முனையில் துப்பாக்கி மாதிரி இருந்த ‘கன்’னைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். இரண்டு கையாலும் தூக்கும் கனம்.

வண்டியில் சார்ஜ் போடும் மூடியைத் திறந்தாள். கன்னின் வாய் அவள் உள்ளங்கை அகலம் இருந்தது. வண்டியில் இருந்த ஓட்டைக்குள் மூன்று விரல் நுழையாது. ஒரு நிமிஷம் தான்தான் தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது உள்ள போகலையே" என்றாள் மெதுவாக.

அசோக் சிரித்த முகம் மாறாமல் குனிந்து, "இது கார் கன் மேடம். ஆட்டோவுக்கு இது சேராது. அதிவிரைவுன்னா இதுதான். சும்மா பக்கத்துல வச்சுப் புடிங்க, போட்டோவுக்குத்தான்" என்றான்.

"நாங்க ஆட்டோவுக்குத்தானே சார் கேட்டோம்?"

"மனுவுல மின் வாகனங்கள்னுதான் இருக்கு மேடம். நான் படிச்சேன்."

"அப்ப செவுத்துல ஒரு பதினஞ்சு ஆம்பியர் பிளக்காவது..."

"டிசைன்ல இல்லயே. ஹெட் ஆபீஸ்ல கேட்டுப் பாக்குறேன். இப்ப கேமராவப் பாருங்க."

கேமராக்காரன், "சிரிங்கக்கா" என்றான். அவள் சிரிக்கவில்லை. மறுபடி சொன்னான். சுற்றிலும் பெரிய பெரிய மனுஷர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் தனம் அவள் கையையும் கன்னையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது பிரவீணா சிரித்தாள். கன்னின் வாயை உடம்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெட்கக்கேட்டை மறைக்கப் போய் கம்பெனிக்கு நல்ல படமாக எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் படத்தை ஆளுயரப் பலகையாக்கி வாசலில் நிறுத்தினார்கள். "மகளிர் கேட்டார்கள், மலர்ந்தது நிலையம்" என்று கீழே எழுதினார்கள். அதற்கு நாலடி தள்ளி இன்னொரு பலகை: "கார்களுக்கு மட்டும். ஆட்டோக்கள் நிறுத்தக் கூடாது." வாசலுக்குக் குறுக்கே மஞ்சள் கோடு, ஒரு சங்கிலி, மேலே கேமரா.

ஸ்டாண்டு திரும்பி வரவே இல்லை. தள்ளிப் போனவர்கள் தள்ளிப் போனதுதான். ஒருத்தி கணவன் ஊருக்குப் போய்விட்டாள், ஒருத்தி வண்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள். பிரவீணாவை யாரும் நேரில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டாவது ஆறியிருப்பாள். அவள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார்கள்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் தனத்தின் வண்டி துறையூர் ரோட்டில் நின்றுவிட்டது. உள்ளே அந்த வாத்தியார், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர், உட்காரவே தெம்பில்லாதவர். அன்றைக்கு மத்தியானம் தனத்துக்கு எங்கேயும் ப்ளக் கிடைக்கவில்லை, ஏழு சதவீதத்தை நம்பி எடுத்துவிட்டாள். வெயிலில் அரை மணி நேரம், புடவைத் தலைப்பால் அவருக்கு விசிறிக்கொண்டு, போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினாள். மறுவாரம் அவர் மகன் கார் ஏற்பாடு செய்துவிட்டான். தனம் அதற்குப் பிறகு பத்து நாள்கூட ஓட்டவில்லை, வண்டியை விற்றுவிட்டாள். வாங்கியது அரியலூரில், தென்றலின் ஸ்டாண்டில் இருக்கும் ஒரு பெண். அங்கேதான் சொருக இடம் இருக்கிறதே.

பிரவீணா மறுபடி ஒரு திங்கட்கிழமை மனுக் கூடத்துக்குப் போனாள். இந்தத் தடவை தனியாக, பிச்சைமுத்துவின் குடையைச் சுற்றிக்கொண்டு, பார்க்காத மாதிரி போனாள். அரைத் தாள். எங்கள் ஆட்டோக்களுக்கு ஒரு பதினைந்து ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் வேண்டும். ஒரே வரி. மூன்று வாரத்தில் பதில் வந்தது: தங்கள் கோரிக்கையின்படி மேற்படி இடத்தில் அதிவிரைவு மின்னேற்று நிலையம் ஏற்கெனவே அமைக்கப்பட்டுவிட்டதால், மனு முடித்து வைக்கப்படுகிறது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

சித்திரை வெயிலில், ஒரு வியாழக்கிழமை, மணி இரண்டுக்கு அவள் வண்டித் திரையில் ஒரு சதவீதம்தான் காட்டியது. போன வாரத்தில் இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போயிருந்தாள். பிள்ளைகளின் அம்மாக்கள் ஆறு பேரும் சேர்ந்து, இன்னொரு தடவை பிள்ளைகள் கேட்டில் நின்றால் வேனுக்கு மாற்றிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு பேர் ஓட்டிய ஊரில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தது நாலு பேர். அந்த ஆறு பிள்ளைகள்தான் அவளுக்கு மாதம் தவறாமல் வரும் வருமானம். அவர்களும் போனால் வண்டியும் போகும். தெரிந்த வாசலெல்லாம் அதற்குள் கேட்டுவிட்டாள். கடைசியில் அவள் போகவே கூடாது என்று வைத்திருந்த இடத்துக்கு வந்தாள்.

சங்கிலி அவிழ்ந்து கிடந்தது. தன் படத்தைத் தாண்டி வண்டியை உள்ளே விட்டாள். ஒரு இயந்திரத்தில் மட்டும் சென்னைக் கார் ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் ஆட்கள் ஏ.சி. அறையில் இருந்தார்கள். நீலச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெண் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் ஒரு சின்ன மோட்டாரில் முடிந்தது. மோட்டாரின் வயர் கண்ணாடி அறையின் வெளிச்சுவரில், இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு ப்ளக்கில் சொருகியிருந்தது. பெரிய மூன்று ஓட்டை. பதினைந்து ஆம்பியர். டிசைனில் இல்லாத ப்ளக், தரை கழுவ மட்டும் எப்படியோ வந்திருந்தது.

நீலச் சட்டைக்காரி திரும்பினாள். தனம்.

தனத்துக்கு இங்கே வேலை கிடைத்ததை யாரும் பிரவீணாவிடம் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் யாரையும் அவள் வைத்திருக்கவும் இல்லை.

"யக்கா, ஒரு மணி நேரம். மோட்டார புடுங்கிட்டு அதுல ஒரு மணி நேரம் போட்டுக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போயாவணும்."

தனம் மோட்டாரை நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தம் அடங்கியது. "மேல கேமரா இருக்கு. அசோக்கு சாரு போன்லயே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஆட்டோவ உள்ள வுட்டா என் வேலை போயிரும். ஆட்டோ உள்ள வராம பாத்துக்கத்தான் என்ன வச்சிருக்காங்க."

"ஒரே ஒரு நாளுக்கா. நான் அவருகிட்ட பேசிக்கிறேன்."

"நீ பேசுனதெல்லாம் போதும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டு, வெள்ளை இயந்திரத்தைக் கை நீட்டிக் காட்டினாள். "இந்தா நிக்கிது பாரு, நீ கேட்டது. பெருசு. ஊரே பாக்குற மாதிரி வந்துருக்கு." அப்புறம் சுவரைக் காட்டினாள். "அது நான் கேட்டது. எனக்குத்தான் கெடச்சிருக்கு. அதையும் ஒன்கிட்ட குடுத்துட்டு நான் மறுபடி வெங்காயம் ஆயப் போவணுமா?"

வெங்காயம் என்ற சொல்லைத் தனம் இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். பிரவீணாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு முறை முனகிவிட்டு நின்றது. திரையில் எண்ணே இல்லை.

இறங்கித் தள்ளினாள். ஈர டைல்ஸில் செருப்பு வழுக்கியது. வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு கை சேர்ந்தது. தனம் தலையைக் குனிந்துகொண்டு, தோளைக் கொடுத்து, மண்டியில் மூட்டை தள்ளிய பழக்கத்தில் ஒரே மூச்சில் தள்ளினாள். ஏ.சி. அறையிலிருந்து சென்னைக்காரர்கள் பார்த்தார்கள். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பிரவீணாவின் படம் வரை வந்தார்கள், படத்தைத் தாண்டினார்கள், முன்சக்கரம் மஞ்சள் கோட்டைக் கடந்தது. பின்சக்கரமும் கடந்ததும் தனம் கையை எடுத்துவிட்டாள். அவள் கோட்டுக்கு உள்ளேயே நின்றாள்.

சங்கிலியை எடுத்து மாட்டினாள். "வெயில்ல நிக்காத. அந்தக் கடை நெழல்ல தள்ளி நிறுத்திக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டாள்.

மணி இரண்டே கால். பிரவீணா போனை எடுத்து ஆறு பேரில் முதல் அம்மாவுக்குப் பேசினாள். "இன்னிக்கு ஆட்டோ வராதுங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

"சரிங்க" என்றாள் அந்த அம்மா. "அப்ப நாங்க வேனுக்குச் சொல்லிடுறோங்க."

பிரவீணா இரண்டாவது எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.